ஒரு சாண் வயர்

முதல் ஞாயிறு வந்தால் மெக்கானிக்குக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும். போன மாதம் அப்படித்தான். அதற்கு முந்தின மாதம் அவசரமாக ஒரு போன். அவன் போகிற சபையில் மாதத்தின் முதல் ஞாயிறுதான் திருவிருந்து, இயேசுவின் உடலென்று எல்லோருக்கும் அப்பம் கொடுப்பார்கள். அப்பத்தட்டு முன்வரிசையிலிருந்து கிளம்புகிற நேரம் பார்த்து, பாடகர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கக் கழிப்பறைக்கு ஓடுவான். தாழ்ப்பாளைப் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, கடைசிப் பாட்டு தொடங்கும்வரை உள்ளேயே நிற்பான். தகுதியில்லாமல் அந்த அப்பத்தை வாங்கித் தின்கிறவன் தன் தண்டனையைத்தான் தின்கிறான் என்று சின்ன வயதிலேயே அவன் மண்டையில் ஏற்றியிருந்தார்கள். அபாத்திரம் என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவன் பயந்த அளவுக்கு மின்சாரத்துக்குக்கூடப் பயந்ததில்லை.

மெக்கானிக் என்றால் லிஃப்ட் மெக்கானிக். சபையில் எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். "நம்ம சபையில ஜனங்கள மேல தூக்கிவிடறது ரெண்டே பேரு. ஒருத்தர் போதகர், இன்னொருத்தர் இவரு. இவரு தூக்குனா நிச்சயமா மேல போவோம்" என்று பாடகர் குழுத் தலைவர் கிண்டல் செய்வார். போதகரும் சேர்ந்து சிரிப்பார். பத்து வாரமாக அந்த ஜோக்கைத் தலைவர் சொல்வதில்லை. சபையைச் சேர்ந்த ஒருத்தி லிஃப்டில் காலைப் பறிகொடுத்துக் கிடக்கும்போது எப்படிச் சொல்வது?

நடந்தது இதுதான். கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகரக் கூடாது. அதற்கென்று மின்சாரத்தில் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். கதவில் கோளாறு வந்தால், கண்டுபிடிப்பதற்காக மெக்கானிக்குகள் மாடியில் இருக்கும் மெஷின் அறைக்குப் போய், அங்குள்ள பெட்டியில் ஒரு வயரை மாட்டி அந்தக் காவலைக் கொஞ்ச நேரம் ஏமாற்றுவார்கள். வயர் இருக்கிறவரை கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். ஆகவே அந்த வயருக்குக் கம்பெனியில் கடுமையான சட்டம் உண்டு. சிவப்பு நிறம், ஒரு மீட்டர் நீளம், வேலை இல்லாத நேரத்தில் கழுத்தில்தான் தொங்க வேண்டும். இருவர் இருவராகத்தான் வேலைக்குப் போவார்கள். கிளம்பும்போது ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்து, "கழுத்துல இருக்கா?" "இருக்கு" என்று சொல்லிக்கொண்ட பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்து. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது சிரிப்பாக இருக்கும். பழகினவர்களுக்கு ஜெபத்துக்கு ஆமென் மாதிரி.

நம் ஆளுக்குக் குனிகிறபோதெல்லாம் அந்த வயர் மூஞ்சியில் அடிப்பது பிடிக்கவில்லை. ஒரு சாண் நீளத்துக்குத் துண்டு வயர் வெட்டி, இரண்டு முனையையும் சீவி, நடுவில் பச்சை டேப் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சிவப்பு வயர் அலங்காரத்துக்குக் கழுத்தில் தொங்கியது. வேலை பார்த்தது இந்தச் சாண் வயர். இரண்டு வருஷம் ஒரு பிசகும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, பாடகர் ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாக இறங்கினவன் அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டான். கீழே கதவருகே நின்று கூட வேலை செய்தவர் அவன் மனைவியின் அண்ணன். "கழுத்துல இருக்கா?" என்று மச்சான் கேட்டார். "இருக்கு மச்சான். கையெழுத்து நீங்களே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினான். கழுத்தில் இருக்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை காலை அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடியில் தையலக்கா லிஃப்டை விட்டு இறங்கினாள். அந்த மாடியில் ஒரு சின்ன அறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவள். சபையில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவள் தையலக்காதான். இடது கால் வெளியே, வலது கால் இன்னும் உள்ளே. கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலே கிளம்பியது. ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

பெட்டியைத் திறந்த இன்ஸ்பெக்டர் பச்சை டேப் சுற்றிய துண்டு வயரைக் கண்டெடுத்தார். பதிவேட்டில் மச்சானின் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. மேலே மெஷின் அறையில் வேலை செய்தது யார் என்று கேட்டபோது, "ரெண்டு பேரும் மாறி மாறித்தான் சார்" என்று மெக்கானிக் மழுப்பினான். மச்சானை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வருகிற புதன்கிழமை விசாரணை. லைசென்ஸ் போகும், ஜெயிலும் உண்டு என்று பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் அவனால் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. "எங்கண்ணன் அப்படிச் செய்யற ஆளு இல்லைங்க. நான் கேஸ் அடுப்ப அணைச்சிட்டேனான்னு கேக்கறதுக்குக்கூட, கழுத்துல இருக்கான்னுதான் என்னைக் கேக்கும்" என்று மனைவி அழுவாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவான். மிச்சமிருந்த பச்சை டேப் சுருளை ஒரு நாள் குப்பைக் கூடையின் அடியில் திணித்தான். சாயங்காலம் வந்து பார்த்தால் அது துடைத்துச் சுத்தமாக மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது. "நல்ல டேப்ப யாராவது குப்பையில போடுவாங்களா? கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்றாள். மறுநாள் நாலு தெரு தள்ளிப் போய் ஒரு சாக்கடையில் போட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அந்த முதல் ஞாயிறன்று, பத்து வாரத்துக்குப் பிறகு, தையலக்கா சபைக்கு வந்தாள். கக்கத்தில் ஊன்றுகோல். அவள் நடுவழியில் நடந்து வருகிற டக், டக் சத்தம் மெக்கானிக்கின் முதுகுத்தண்டில் ஏறியது. பாடகர் வரிசையில் நிற்கிறவன் திரும்பவும் முடியாது, ஒளியவும் முடியாது. உடம்பில் கிடக்கிற வெள்ளை அங்கி அவள் தைத்தது. அந்த வலது காலால் மிதித்துத் தைத்தது.

ஜெப நேரத்தில் கடைசி பெஞ்ச் அம்மாள் எழுந்தார். அவர் ஜெபம் பண்ணினால் ஆண்டவருக்கே வேலை பிரித்துக் கொடுப்பது போல இருக்கும். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு இப்படிச் செஞ்ச கை எதுன்னு உமக்குத் தெரியும். அத வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும். இந்த வாரமே கொண்டுவாரும்!" சபை முழுக்க ஆமென் என்றது. பாடகர் வரிசையில் கனத்த குரல்காரன் அவன்தான். அவனும் ஆமென் என்றான். வாயிலிருந்து சத்தம் வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அப்பத்தட்டு கிளம்பியது. அவன் வழக்கம்போலக் கிளம்பினான். தையலக்கா நடுவழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், ஊன்றுகோல் வழியில் நீட்டிக்கொண்டு கிடந்தது. அதை மிதிக்காமல் தாண்டுவதற்குள் அவனுக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. "உடம்பு சரியில்லையா தம்பி?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள். ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஆண்டவர் எட்டிப் பார்க்காத ஒரு அறை இந்த உலகத்தில் இருக்குமானால் அது இந்தக் கழிப்பறையாக இருக்கட்டும் என்று அவன் மனசார வேண்டிக்கொண்டான். யாரிடம் வேண்டுகிறோம் என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்கெல்லாம் அந்தக் கட்டடத்தில் இருந்தான். கம்பெனி அவனைத்தான் அங்கே தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலேயே அவனாக ஒரு வழக்கம் வைத்திருந்தான்: தினமும் ஒரு மணி நேரம் முன்னதாக வந்து, காலி லிஃப்டைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, முப்பது தடவை ஓட்டிப் பார்ப்பான். கதவு மூடுகிறதா, தளம் சமமாக நிற்கிறதா, பெட்டிக்குள் வேண்டாதது ஏதாவது இருக்கிறதா. முப்பது முடிந்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். லிஃப்டை விட்டு வெளியே கால் வைத்ததும் அந்த ஆறுதல் போய்விடும்.

இருபத்திரண்டாவது தடவை இரண்டாம் மாடியில் கதவு திறந்தபோது, படிக்கட்டுப் பக்கத்திலிருந்து அந்த டக், டக் சத்தம் கேட்டது.

எட்டிப் பார்த்தான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே படி திரும்புகிற இடத்தில் தையலக்கா உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணிப்பை.

"தம்பி, நீங்களா? நல்ல வேளை. இந்தப் பைய மட்டும் மேல கொண்டுபோய் வெச்சிடுங்க. நான் மெதுவா வந்துடறேன்."

"லிஃப்ட்... லிஃப்ட் சரியா இருக்குக்கா."

"அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சு." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "கோவம்னு நினைக்காதீங்க, பயம்தான். அந்தக் கதவு திறக்கற சத்தம் கேட்டாலே எனக்கு வாந்தி வருது. எழுபத்திரண்டு படி. எண்ணிட்டேன்."

அவன் பையை எடுத்தான். எடுத்த கையோடு மேலே போயிருந்தால் தப்பித்திருப்பான்.

"நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் நேத்து சொல்லல" என்றாள். "புதன்கிழமை என்னையும் வரச்சொல்லியிருக்காங்க. உங்க மச்சான்தான், உங்களுக்கு வலிக்கும். ஆனா நான் விடறதா இல்ல. அந்த மனுஷன் இனிமே ஒரு லிஃப்டயும் தொடக் கூடாது. உள்ள வைக்கணும்னு கேக்கப்போறேன். தினமும் அதைத்தான் ஜெபத்துலயும் கேக்கறேன்."

மெக்கானிக் பையை மறுகைக்கு மாற்றினான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இரண்டு நாள். புதன் முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்த மாதிரி. பார்வையைத் தாழ்த்தினான். அங்கேதான் அவளுடைய வலது கால் இருந்தது. ஷூவின் முன்பாதி காலியாக இருக்குமே, அதை நிரப்ப ஒரு துணித் திண்டு தைத்து உள்ளே செருகியிருந்தாள். ஓரத்தில் பொடிப்பொடியான இரட்டைத் தையல். அவன் அங்கியின் கழுத்துப் பட்டியில் இருக்கிற அதே தையல்.

"மச்சான் இல்லக்கா" என்றான். "நான்."

"என்ன நீங்க?"

"அந்த வயர் என்னுது. நான்தான் மாட்டுனேன். எடுக்க மறந்துட்டேன். மச்சானுக்கு அப்படி ஒரு வயர் இருக்கறதே தெரியாது."

கீழே யாரோ கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது. தையலக்கா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்திலிருந்து நிறம் வடிந்து போயிற்று. சட்டென்று ஊன்றுகோலை எடுத்துச் சுவரில் ஓங்கி அடித்தாள். காரை உதிர்ந்து அவன் தோளில் விழுந்தது. அவன் நகரவில்லை. அடுத்த அடி தன்மேல்தான் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"எதுக்கு?" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "கழுத்துல ஒண்ணு தொங்குதே, அது எதுக்கு? இன்னொண்ணு எதுக்கு வெச்சிருந்தீங்க?"

பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் சொல்லியிருப்பான். "குனிஞ்சா மூஞ்சியில அடிக்கும்க்கா. அதான்."

"மூஞ்சியில அடிக்கும்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். தன் காலைப் பார்த்தாள். "அதுக்கா?"

அவன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பத்து வாரமாக அடைத்து வைத்திருந்தது வாய்க்கு வந்தபடி கொட்டியது. இனிமேல் ஆயுசு முழுக்கத் தினமும் வந்து அவளைத் தூக்கிக்கொண்டே மாடி ஏறுவேன் என்றான். பாடகர் குழுவிலிருந்து விலகிவிடுகிறேன் என்றான். சபையில் எல்லார் முன்னாலும் முழங்கால் போடுகிறேன், தினமும் முப்பது தடவை லிஃப்டை ஓட்டிப் பார்க்கிறேன், இனி அறுபது தடவை ஓட்டுகிறேன்...

"நிறுத்துங்க!" என்றாள். "அறுபது தடவை ஓட்டுனா? வெரல் முளைக்குமா?"

அவன் நிறுத்தினான். அவள் அழுதாளா, மூச்சு வாங்கினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"நேத்து அப்பம் வாங்குனேன்" என்றாள் கடைசியில். அவனிடம் சொல்கிற மாதிரி இல்லை. "தட்டு கிட்ட வர்றப்போ மனசுக்குள்ள என்ன ஓடிச்சு தெரியுமா? இதச் செஞ்ச கை வெட்டுப்படணும். உங்க மச்சான் கை வெட்டுப்படணும்னு வேண்டிக்கிட்டேதான் கைய நீட்டுனேன். ஒரு தப்பும் பண்ணாத மனுஷன. அவர் பிள்ளைங்க முன்னாடி அவருக்குக் கை இல்லாம போகணும்னு. அந்த நேரத்துல என் கைய ஆண்டவர் தட்டிவிட்டிருக்கணும்ல? தட்டிவிடலயே. குடுத்தாரு. நான் நல்லவ மாதிரி வாயில போட்டுக்கிட்டேன்."

"உங்களுக்குத் தெரியாதேக்கா."

"அவருக்குத் தெரியும்ல? தெரிஞ்சுதான குடுத்தாரு?"

அவன் துணிப்பையின் பிடியைத் திருகினான்.

"புதன்கிழமை நீங்களே சொல்லணும்" என்றாள். "நான் சொல்ல மாட்டேன். அதுக்கு முன்னாடி உங்க மச்சான் வீட்டுக்குப் போகணும்."

"போறேன்க்கா."

"லைசென்ஸ் போகும். உள்ள வெச்சாலும் வைப்பாங்க. வேண்டாம்னு நான் தடுக்க மாட்டேன்."

"தெரியும்க்கா."

அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து எழுந்தாள். மேலே ஏறுவாள் என்று நினைத்தான். இறங்கினாள். ஒவ்வொரு படியாக இரண்டாம் மாடிக்கு இறங்கி, லிஃப்டுக்கு முன்னால் போய் நின்றாள். அவன் பையோடு பின்னால் ஓடினான்.

"கூப்பிடுங்க."

"அக்கா, வேண்டாம். இன்னைக்கு இருபத்திரண்டு தடவைதான் ஆச்சு. இருங்க, மேல போய்ப் பெட்டியத் திறந்து உங்களுக்கு போட்டோ எடுத்துட்டு வந்து காட்டறேன்." சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினான். கால்சட்டைப் பை இரண்டையும் இழுத்துக் காட்டினான். "ஒண்ணுமில்ல பாருங்க. சத்தியமா ஒண்ணுமில்ல."

"காட்ட வேண்டாம்" என்றாள். "நீங்க காட்டி நான் நம்பறதா இருந்தா இந்த ஜென்மத்துல ஏற மாட்டேன். கூப்பிடுங்க."

அவன் பொத்தானை அழுத்தினான். லிஃப்ட் அங்கேதான் நின்றிருந்தது. கதவு உடனே திறந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு தூக்கிப்போட்டது. உதடு வெளுத்துப்போயிருந்தது. தரைக்கும் லிஃப்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடுக்கு, அதற்குக் கீழே கறுப்பாக ஒன்றுமில்லாத ஆழம். இருபது வருஷமாகப் பார்க்கிற இடுக்குதான். இன்றைக்கு அதைப் பார்த்து மெக்கானிக்குக்குத் தலை சுற்றியது. ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தால்? இருபத்து மூன்றாவது தடவையில்தான் அது தெரியவரும் என்றிருந்தால்?

"எந்தக் கை?" என்றாள்.

"என்னக்கா?"

"அந்த வயர எந்தக் கையால மாட்டுனீங்க?"

நேற்றுக் கடைசி பெஞ்ச் அம்மாள் கேட்டதும் இதைத்தான். அவன் வலது கையை நீட்டினான், உள்ளங்கை மேலே தெரிய. அவள் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தாள். சரி, அடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். இழுத்துக்கொள்ளக் கூடாது என்று மட்டும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்குத் தகும்னு இதச் செய்யல தம்பி" என்றாள். பல் தந்தியடித்தது. "தகாது. எனக்கு நல்லாத் தெரியும். எனக்கும் நேத்து அப்படித்தான் குடுத்தாரு."

உடம்பின் பாரம் முழுக்க அவன் கையில் இறக்கி, பாதிப் பாதத்தைத் தூக்கி, அந்த இடுக்கைத் தாண்டி உள்ளே வைத்தாள். பிறகு இடது காலை எடுத்தாள். அந்த ஒரு நொடி அவள் முழுசாக அவன் கையில்தான் நின்றாள். அவன் மூச்சே விடவில்லை. ஊன்றுகோலை இழுத்து உள்ளே போட்டுவிட்டு அவனும் ஏறினான். கதவு மூடியது. மூடின பிறகுதான் லிஃப்ட் கிளம்பியது.

இரண்டு மாடி. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவன் கையை நொறுக்கிவிடுகிற மாதிரி பிடித்திருந்தாள். அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடித்திருந்தால் தாங்கியிருப்பான், இதை எப்படித் தாங்குவது என்று தெரியவில்லை. நாலாவது மாடியில் லிஃப்ட் நின்றது. தளம் மயிரிழை பிசகாமல் சமமாக இருந்தது. கதவு முழுக்கத் திறக்கும்வரை இருவரும் அசையவில்லை.

அவள் இறங்கி, ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டினாள். திரும்பிப் பார்க்காமலே, "அஞ்சு மணிக்குக் கீழ இறங்கணும். வந்துடுங்க" என்றாள். டக், டக் என்று தன் அறைப்பக்கம் நடந்தாள்.

மெக்கானிக் லிஃப்டுக்குள்ளேயே நின்று தன் வலது கையைப் பார்த்தான். அவளுடைய நகம் பதிந்த நாலு தடம், அவளுடைய வியர்வை. மச்சானுக்குப் போன் செய்ய இடது கையால் போனைத் துழாவினான். பயம் போய்விடவில்லை. புதன்கிழமை உண்மையைச் சொல்வதற்கு முன்னால், எல்லோரும் பார்க்கச் சத்தியம் செய்ய, இந்தக் கையைத்தான் அவன் உயர்த்த வேண்டியிருக்கும்.